விழுந்த வீரனும் தாங்கிய தோழனும்

பந்தாட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றித் தொழிலாளத் தோழர்களிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஆட்டம் வேறு, உழைப்பு வேறு என்பது அவர்கள் எண்ணம். நாம் அப்படி எண்ணவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர் எவரோ, அவரும் தொழிலாளிதான். உலைக்களத்தில் நிற்பவர் தோளின் பலத்தை விற்கிறார். ஆடுகளத்தில் நிற்பவர் காலின் பலத்தை விற்கிறார். உடல் திடமாக இருக்கும் வரையில் இருவருக்கும் மதிப்பு உண்டு. உடல் முறிந்த மறுநாள் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை உலகின் முன் வைத்த ஒருவரின் வரலாற்றை இன்று சொல்லப் போகிறோம். அமெரிக்க நாட்டின் கூடைப்பந்து வீரர் மாரிஸ் ஸ்டோக்ஸின் வரலாறு அது.

1933 ஜூன் 17ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ரான்கின் என்னும் ஊரில் பிறந்தார் ஸ்டோக்ஸ். எஃகு ஆலைகளின் புகை சூழ்ந்த வட்டாரம் அது. தந்தை எஃகு ஆலைத் தொழிலாளி. தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். கறுப்பினக் குடும்பம். எட்டு வயதிருக்கும்போது குடும்பம் பிட்ஸ்பர்க் நகரின் ஹோம்வுட் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வெஸ்டிங்ஹவுஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

பிறக்கும்போதே வீரனாகப் பிறந்தார் என்று அளக்க நாம் தயாராக இல்லை. பள்ளி அணியில் முதல் இரண்டு ஆண்டுகள் ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பழகினார், வளர்ந்தார். 1950, 1951 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்தப் பள்ளி நகரப் போட்டியில் வென்றபோது, வெற்றிக்குத் துணை நின்றவர்களில் அவரும் ஒருவர்.

அதே 1950ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை கறுப்பினத்தார் எவரும் ஆடியிராத என்.பி.ஏ. என்னும் தொழில்முறை லீகின் கதவு, முதன்முறையாகக் கறுப்பினத்தாருக்குத் திறந்தது. அந்த ஆண்டில் உள்ளே நுழைந்தவர்களில் ஒருவரான சக் கூப்பர், இதே வெஸ்டிங்ஹவுஸ் பள்ளியில் படித்தவர். தம் பள்ளியிலிருந்து ஒருவர் அந்த வாசலைத் தாண்டியதைக் கண்ட மாணவர்களுக்கு அது எத்தகைய செய்தியாக இருந்திருக்கும் என்பதைத் தோழர்களே எண்ணிப் பாருங்கள்.

பள்ளி முடிந்ததும், பெரிய பல்கலைக்கழகம் எதற்கும் போகாமல், லொரெட்டோ என்ற சிற்றூரில் பிரான்சிஸ்கன் துறவியர் நடத்திவந்த செயின்ட் பிரான்சிஸ் கல்லூரிக்குப் போனார் ஸ்டோக்ஸ். பெயர் தெரியாத கல்லூரி. அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். 1955இல் நியூயார்க்கில் நடந்த தேசிய அழைப்புப் போட்டியில் அந்தச் சிறு கல்லூரி அணி நான்காம் இடம் வரை முன்னேறியது. போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசை நான்காவதாக வந்த அணியின் ஸ்டோக்ஸுக்கே கொடுத்தார்கள். கோப்பையை ஓர் அணி எடுத்துச் சென்றது. பெயரை இன்னோர் அணியின் வீரர் எடுத்துச் சென்றார்.

அதே ஆண்டில் என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, இரண்டாவதாக அழைக்கப்பட்ட பெயர் அவருடையது. அழைத்தது ராச்செஸ்டர் ராயல்ஸ் என்னும் அணி. அதே அணி அதே தேர்வில் இன்னொருவரையும் எடுத்தது. அவர் பெயர் ஜாக் ட்வைமன். அவரும் பிட்ஸ்பர்க் நகரத்துக்காரர், ஆனால் வெள்ளையர். இந்தப் பெயரைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

தொழில்முறை ஆட்டத்தில் ஸ்டோக்ஸின் முதல் நாள் நியூயார்க் அணிக்கு எதிராக அமைந்தது. 32 புள்ளிகள் எடுத்தார். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைத் தாவிப் பிடிப்பதில்தான் ஆட்டத்தின் பாதி உழைப்பு இருக்கிறது. அப்படி 20 முறை பிடித்தார். சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கப் பந்தை 8 முறை கொடுத்து உதவினார். ஆறடி ஏழங்குல உயரம், அதற்கேற்ற பருமன். இவ்வளவு பெரிய உடம்போடு, சிறிய உருவத்தினரைப்போல ஓடிப் பந்தைக் கொண்டுசெல்லும் லாவகமும் இருந்தது. அந்தப் பருவம் முடிந்தபோது, ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற பரிசு அவருக்கு வந்தது.

அடுத்த பருவத்தில் திரும்பும் பந்துகளை 1,256 முறை பிடித்தார். ஒரு பருவத்தில் அதுவரை யாரும் அவ்வளவு பிடித்ததில்லை. 1957இல் அணி ராச்செஸ்டரை விட்டுச் சின்சினாட்டி நகருக்கு மாறியது. அங்கும் அதே ஆட்டம், அதே உழைப்பு. 1956, 1957, 1958 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், லீகின் சிறந்த வீரர்கள் மட்டும் கூடி ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மூன்று பருவங்களையும் சேர்த்துப் பார்த்தால், திரும்பும் பந்தைப் பிடிப்பதில் லீகிலேயே முதல்வர் அவர். புள்ளி எடுக்கப் பிறருக்கு உதவியதில், பாப் கூசி என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கு அடுத்த இடம் அவருடையது. தானும் உழைப்பது, தன் அணியினரையும் உயர்த்துவது என்ற இரண்டு வேலையையும் ஒருவரே செய்தார். வயது 24. எதிர்காலம் முழுவதும் கண்முன் விரிந்து கிடந்தது.

1958 மார்ச் 12. மினியாபொலிஸ் நகரில் பருவத்தின் கடைசி ஆட்டம். பந்தோடு வளையத்தை நோக்கிப் பாய்ந்தார் ஸ்டோக்ஸ். மோதல் ஏற்பட்டது. கீழே விழுந்தார். தலை தரையில் அடித்தது. நினைவு தப்பியது. முகர்வதற்கு உப்பு கொடுத்துத் தெளியவைத்தார்கள். எழுந்தார். அதன்பின் என்ன செய்தார்கள்? மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்களா? இல்லை. மீண்டும் ஆட்டத்துக்கே போனார்!

மூன்று நாள் கழித்து டெட்ராய்ட் நகரில் அடுத்த சுற்று ஆட்டம். அதிலும் இறங்கினார். 12 புள்ளிகள் எடுத்தார். 15 முறை பந்தைப் பிடித்தார். அன்றிரவு விமானத்தில் ஊர் திரும்பும் வழியில் உடல்நிலை கெட்டது. வலிப்பு வந்தது. முழு நினைவும் போயிற்று. தலையில் பட்ட அடி, உடலை இயக்கும் மூளைப் பகுதியையே கெடுத்துவிட்டது என்று பிறகு மருத்துவர்கள் கண்டார்கள். பல நாள் கழித்து நினைவு திரும்பியது. அறிவு தெளிவாக இருந்தது. பிறர் பேசுவது எல்லாம் விளங்கியது. ஆனால் கை அசையவில்லை, கால் அசையவில்லை, நாவும் எழவில்லை. 24 வயது வீரர், தம் உடலுக்குள்ளேயே சிறைப்பட்டார்.

இனி நாம் முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். உடல் முறிந்த மறுநாள் என்ன?

அந்நாளில் அந்த லீகில் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் இல்லை. வேலை செய்யும்போது விழுந்தவரை ஆயுள் முழுதும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் இல்லை. மூன்று ஆண்டுகள் அரங்கங்களை நிரப்பியவருக்கு, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது வந்து சேர்ந்தவை செலவுக் கணக்குகளே. மகனுக்கு நாள்தோறும் வேண்டிய மருத்துவத்துக்குப் பணம் கட்ட பிட்ஸ்பர்க் தொழிலாளி குடும்பத்தால் எப்படி முடியும்? அவருடைய பெயரில் வங்கியில் இருந்த பணத்தை எடுப்பதற்குக்கூட அவர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையோ அசையவில்லை.

அப்போது முன்வந்தவர்தான் ஜாக் ட்வைமன். அவருக்கும் வயது 23தான். சின்சினாட்டியிலேயே குடியிருந்தவர். ஸ்டோக்ஸோடு அவருக்கு இரத்த உறவு இல்லை, நிறம் ஒன்றில்லை, வளர்ந்த தெருவும் ஒன்றில்லை. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே விடுதியில் இடம் கொடுக்க மறுத்த ஊர்கள் அமெரிக்காவில் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில், கறுப்பினத் தோழரின் சட்டப்படியான பாதுகாவலராகத் தம்மை நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டார் இந்த வெள்ளை இளைஞர். துணைவியார் கரோலும் அந்தச் சுமையில் பங்கெடுத்துக்கொண்டார்.

பேச்சு இழந்தவரோடு எப்படிப் பேசுவது? அதற்கும் வழி கண்டார்கள். ட்வைமன் அகரவரிசையை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போவார். வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண்ணிமைப்பார். எழுத்து எழுத்தாகச் சொல்லாகும். சொல் சொல்லாகப் பேச்சாகும். ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு நேரம்! எவ்வளவு பொறுமை! சொன்னவருக்கும் பொறுமை, கேட்டவருக்கும் பொறுமை.

பணத்துக்கு இரண்டு வழிகளைத் தேடினார் ட்வைமன். முதல் வழி நன்கொடை. நியூயார்க் மாநிலத்து மாண்டிசெல்லோ ஊரில் இருந்த கட்ஷர்ஸ் விடுதியில் ஓர் உதவி ஆட்டம் நடந்தது. அன்று தொடங்கி ஆண்டுதோறும் கோடையில் அது தொடர்ந்தது. வில்ட் சேம்பர்லின் போன்ற பெரும்பெயர் பெற்றவர்கள் வந்து ஆடினார்கள். வசூலான பணம் ஸ்டோக்ஸின் மருத்துவத்துக்குப் போயிற்று.

இரண்டாவது வழியைத்தான் நாம் பெரிதாகக் கருதுகிறோம். ஆட்டமில்லாத மாதங்களில் இன்ஷ்யூரன்ஸ் தொழில் பார்த்தவர் ட்வைமன். நஷ்ட ஈடு பற்றிய விவரம் அறிந்தவர். ஸ்டோக்ஸ் அடிபட்டது எங்கே? வேலை செய்த இடத்தில். எப்போது? சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தபோது. ஆகவே, ஓஹையோ மாநிலத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டப்படி அவருக்கு உரியது கிடைக்கவேண்டும் என்று முயன்றார். அதைப் பெற்றும் கொடுத்தார். ஆலையில் விரல் இழந்தவருக்குரிய அதே சட்டத்தின் நிழலில் கூடைப்பந்து வீரருக்கும் இடம் கிடைத்தது. நன்கொடை கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது; மனம் இருந்தால் வரும், மாறினால் நிற்கும். நஷ்ட ஈடு அப்படி அன்று. கையேந்தாமல் கேட்டு வாங்குவது அது.

கட்டிலில் கிடந்தும் ஸ்டோக்ஸ் சோர்ந்துவிடவில்லை. எந்த உழைப்பால் ஆடுகளத்தில் உயர்ந்தாரோ, அதே உழைப்பை உடற்பயிற்சி மருத்துவத்தில் காட்டினார். ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு, விரல்களால் தட்டச்சு செய்யக் கற்றார். தூரிகை பிடித்து ஓவியம் தீட்டினார். தட்டுத் தடுமாறிப் பேசவும் செய்தார். ஆரோக்கியமுள்ளவர் ஒரு நொடியில் செய்வதைச் செய்ய அவருக்கு மாதங்கள் ஆயின. இருந்தும் செய்தார்.

ட்வைமனோ பகலில் ஆட்டம், நடுவே பிழைப்பு, குடும்பம், அதற்கிடையில் ஸ்டோக்ஸின் கட்டில் என்று ஓடிக்கொண்டிருந்தார். இந்தச் சுமையோடுதான் 1959-60 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 31.2 புள்ளிகள் எடுத்தார். ஒரு பருவத்தில் சராசரி 30ஐத் தாண்டுவது என்.பி.ஏ.யில் அதுவரை நடந்திராத ஒன்று. அந்தப் பருவத்தில் அதைச் செய்தவர்கள் அவரும் சேம்பர்லினும் மட்டுமே.

இனி இந்தக் கதையின் இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். பாப் கூசியின் முயற்சியால் 1954லேயே ஆட்டக்காரர் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. ஓய்வூதியம் வேண்டும் என்று அது கேட்டது. முதலாளிகள் நாளைக் கடத்தினார்கள். 1964 ஜனவரி 14ஆம் நாள், பாஸ்டன் நகரில் நட்சத்திர ஆட்டம். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் காட்ட எல்லாம் ஆயத்தம். ஆட்டக்காரர்களோ உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஓய்வூதியத்துக்கு உறுதி கொடுத்தால் ஆடுவோம், இல்லையேல் இல்லை என்றார்கள். டாம் ஹைன்சன் அப்போது சங்கத் தலைவர். வெளியே வராவிட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்ற மிரட்டலும் முதலாளி ஒருவரிடமிருந்து வந்தது. அவர்கள் அசையவில்லை. இறுதியில் லீகின் தலைவர் வால்ட்டர் கென்னடி உறுதிமொழி கொடுத்தார். அதன்பிறகே பந்து உயர்ந்தது.

அன்று அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவர் ராயல்ஸ் அணியின் ஆஸ்கார் ராபர்ட்சன். ஸ்டோக்ஸ் ஆடிய அணியில், ட்வைமனின் பக்கத்தில் நின்று ஆடியவர். மறு ஆண்டே சங்கத்தின் தலைமை அவரிடம் வந்தது. ஸ்டோக்ஸுக்காகக் கோடைதோறும் உதவி ஆட்டம் நடந்த காலத்து ஆட்டக்காரர்கள் இவர்கள். விழுந்தால் தங்கள் கதி என்ன என்பதை யாரும் இவர்களுக்குப் பாடம் நடத்திச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

1970 ஏப்ரல் 6ஆம் நாள் மாரடைப்பால் ஸ்டோக்ஸ் மறைந்தார். வயது 36. ஆடியது மூன்று ஆண்டு. கட்டிலில் போராடியது பன்னிரண்டு ஆண்டு. அவர் விரும்பியபடியே, அவர் படித்த லொரெட்டோ கல்லூரி வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். அங்குள்ள விளையாட்டு அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2004இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டபோது, அவர் சார்பில் அந்தச் சிறப்பை ஏற்றுக்கொண்டவர் ட்வைமன். 2012இல் ட்வைமனும் மறைந்தார். தலையில் அடிபட்டவரைச் சோதிக்காமல் மீண்டும் களத்தில் இறக்கக்கூடாது என்று லீக் விதி வகுத்தது 2011இல்; ஸ்டோக்ஸ் விழுந்து 53 ஆண்டுகளுக்குப் பிறகு! 2013 முதல், சிறந்த சக ஆட்டக்காரருக்கு ட்வைமன்-ஸ்டோக்ஸ் பெயரால் ஆண்டுதோறும் பரிசு வழங்குகிறது அதே லீக்.

பரிசு நல்லதுதான். ட்வைமனின் தோழமையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் அந்தப் புகழ்ச்சியோடு கதையை முடித்துவிட நாம் விரும்பவில்லை. ஸ்டோக்ஸுக்கு ஒரு ட்வைமன் கிடைத்தார். கிடைக்காமற் போயிருந்தால்? பெயர் தெரியாமல் விழுந்து, பெயர் தெரியாமல் மறைந்த உழைப்பாளிகள் எத்தனை பேர்! அவர்கள் பக்கத்தில் ட்வைமன் இல்லை. நல்ல தோழர் அமைவது ஒருவருடைய அதிர்ஷ்டம். விழுந்தவரைத் தாங்கும் சட்டமும் ஓய்வூதியமும் அதிர்ஷ்டத்தால் வருவதில்லை. பாஸ்டனில் அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் பெற்றதுபோல, ஒன்றுபட்டு நின்றுதான் பெறவேண்டும்.

ஆகவே தோழர்களே, பக்கத்தில் வேலை செய்கிறவர் விழுந்தால் ட்வைமனைப்போல ஓடிப் போய்த் தூக்குங்கள். நிறம் பார்க்காதீர்கள், சாதி பார்க்காதீர்கள், ஊர் பார்க்காதீர்கள். தூக்கிய கையோடு, அவருக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். இனி விழப்போகிறவர் யார் என்பது நம் எவருக்கும் தெரியாது. அவருக்காகவும் இன்றே சேர்த்துக் கேளுங்கள்.