யாத்திரிகர் கிருஷ்ண பிள்ளை

நெடுநாள் வாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமானின் தகடூர் மண்ணில், புலவர்க்குப் புரவலர் உண்டு என்னும் எண்ணம் மிகப் பழமையானது. அத்தகைய புரவலர் காலம் கழிந்த பின், பிறந்த குடியின் சமயத்தை விட்டு விலகி, ஆசிரியப் பணியை நம்பி வாழ்ந்து, ஒரு பெருங்காப்பியத்தை முடித்த புலவரும் தமிழில் உண்டு. அவரே எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை.

திருநெல்வேலிச் சீமையில், பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவப் பற்றில் ஊறிய வேளாளர் குடும்பம் அது. தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். ஆகவே, எழுத்தறியும் பருவத்திலேயே கம்பனின் ஓசை அவர் செவியில் குடிபுகுந்தது. வாழ்வின் பிற்பகுதியில் அவர் பலவற்றைத் துறந்தார். அந்த ஓசையை மட்டும் துறக்கவில்லை.

அவர் வளர்ந்த காலம் திருநெல்வேலியில் சமயப் பூசல் மிகுந்த காலம். ஒருபுறம் மிஷன் சபைகள் ஊர்தோறும் பள்ளிகளையும் கோயில்களையும் நிறுவி வந்தன. மறுபுறம், 1840களில் விபூதிச் சங்கம் என்னும் பெயரில் எதிர்ப்பு திரண்டது; கிறித்தவர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இளைஞர் கிருஷ்ண பிள்ளைக்கும் அக்காலத்தில் அப்புதிய சமயத்தின்மேல் வெறுப்பே இருந்தது. குலப்பெருமையும் வைணவ பக்தியும் அவ்வெறுப்பை வளர்த்தன.

எனினும் 1853இல் அவர் சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியேற்றார். ஜி.யூ. போப் தொடங்கி வளர்த்த இறையியற் கல்விநிலையம் அது. நெற்றியில் திருமண் துலங்கும் ஒருவர், வேதாகமம் பயிலும் மாணாக்கர்க்கு இலக்கணமும் காப்பியமும் கற்பித்தார். கற்பிக்கச் சென்ற இடத்தில் அவரும் கற்கத் தொடங்கினார். நண்பர் தனக்கோடி ராஜுவும், தம்பி முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்னரே கிறித்தவத்தைத் தழுவினர். அவருடைய உள்ளத்துப் போராட்டமோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. இறுதியில், 1858ஆம் ஆண்டில், தம் முப்பதாம் வயதில், ஹென்றி ஆல்பிரடு என்னும் பெயருடன் அவர் திருமுழுக்குப் பெற்றார். அது நிகழ்ந்த இடம் பிறந்த மண்ணன்று, தொலைவிலிருந்த சென்னை. அன்றைய நெல்லையில் இத்தகைய முடிவு எவ்வளவு கடினமானது என்பதை அத்தொலைவே உணர்த்தும்.

அக்காலத்தில் சமயம் மாறுவது என்பது வழிபடும் தெய்வத்தை மாற்றிக்கொள்வதோடு முடிவதன்று. உறவினர் பந்தியில் இடமில்லை. கொள்வினை கொடுப்பினை இல்லை. பெற்றோர்க்கு நீர்க்கடன் செய்யும் உரிமையும் இல்லை. மதம் மாறியவர்தம் சொத்துரிமையைக் காக்க 1850இல் அரசு ஒரு சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் நிலத்தைக் காக்கும் சட்டத்தால் திண்ணையில் கிடைக்கும் வரவேற்பைக் காக்க இயலாது. இதனை நன்கறிந்தே கிருஷ்ண பிள்ளை அம்முடிவை மேற்கொண்டார்.

சென்னையில் தினவர்த்தமானி இதழின் துணையாசிரியராகச் சிலகாலம் பணியாற்றினார். பின்னர்த் தென்னாட்டுக்கே திரும்பினார். சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் எனப் பல ஊர்களில் தமிழ் கற்பித்தார். பழந்தமிழ் நூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகளைத் தொகுத்துக் காவிய தர்ம சங்கிரகம் என்னும் நூலையும் மாணாக்கர்க்கு அளித்தார். புதிய சமயத்துக்காகப் பழைய இலக்கியத்தைப் பகைக்க வேண்டும் என அவர் கருதவில்லை. இராமகாதையைக் கற்ற நாவினாலேயே கிறித்துவைப் பாட முடியும் என்பது அவர் துணிபு.

அத்துணிபின் கனியே இரட்சணிய யாத்திரிகம். இதன் மூலநூலை ஆக்கிய ஜான் பனியனும் உலகம் ஏற்காத மனிதரே. அரசின் இசைவின்றிச் சமயப் பிரசங்கம் செய்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை இங்கிலாந்துச் சிறையில் கிடந்தவர் அவர். அவரது நூல் 1678இல் வெளிவந்தது. அழிவுக்குரிய நகரை விட்டு வெளியேறும் ஒருவன், மனைவி மக்கள் அழைப்பையும் அயலார் ஏளனத்தையும் கடந்து, மாயச் சந்தையில் துன்புற்று, மோட்ச நகரை அடைவதே அதன் கதை. வீட்டையும் ஊரையும் விட்டு வந்த கிருஷ்ண பிள்ளைக்கு இக்கதை பிறர் கதையாகத் தோன்றியிராது.

அவர் அதனை மொழிபெயர்ப்பாகச் செய்யவில்லை, காப்பியமாகவே படைத்தார். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களாக வகுத்தார். மூலத்தில் இல்லாத கிறித்துவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரித்தார். இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களை அமைத்தார். நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்த அந்நூல் 1894இல் நிறைவான வடிவம் பெற்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அதனைப் படித்த தமிழுலகம், அவரைக் கிறித்தவக் கம்பர் என்று அழைத்தது. இரட்சணிய மனோகரம், போற்றித் திருவகவல் முதலியனவும் அவர் இயற்றியவையே.

1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கிருஷ்ண பிள்ளை மறைந்தார். அவருடைய காப்பியத்துக்கும் எளிய வரவேற்பு அமைந்துவிடவில்லை எனலாம். கம்பனில் பயின்றவர் பலர்க்கு அதன் பொருள் அயலானது. அப்பொருளை நேசித்த எளிய சபையார்க்கு அதன் செந்தமிழ் நடை கடினமானது. இரு கரைக்கும் நடுவே நின்ற வாழ்வைப் போலவே நூலும் நின்றது. ஆயினும் அவர் இயற்றிய கீர்த்தனைகளைத் திருச்சபையார் வழிபாட்டில் பாடி வருகின்றனர். அவருடைய விருத்தங்களைப் பள்ளி மாணாக்கர் சமய வேறுபாடின்றிப் பாடநூலில் பயின்றுள்ளனர். வீடு திறக்காத கதவுகளைத் தமிழ் அவருக்குத் திறந்து வைத்தது. நம்பிக்கையின் பொருட்டு உறவை இழக்க நேர்ந்தாலும், உறவினர்மேல் பகை கொள்ளாமல் அவர்களுடைய மொழியிலேயே தம் இறைவனைப் பாடி முடித்தது அவர் விட்டுச் சென்ற சான்று.