பிராய்டிடமே கேள்வி எழுப்பிய கொல்கத்தா மருத்துவர்: யார் இந்த கிரீந்திரசேகர் போஸ்?

ஹைதராபாத்: இந்தியாவில் உளப்பகுப்பாய்வுத் துறைக்கு அடித்தளமிட்ட மருத்துவர் கிரீந்திரசேகர் போஸின் நினைவு தினம் ஜூன் 3. ஐரோப்பாவில் உருவான ஒரு கோட்பாடு இந்தியர்களின் மனத்துக்கும் அப்படியே பொருந்துமா என்ற கேள்வியை, அதை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டிடமே எழுப்பியவர் இவர்.

மருத்துவர் முதல் ஆய்வாளர் வரை: 1887 ஜனவரி 30-ஆம் தேதி பிகாரின் தர்பங்காவில் பிறந்த போஸ், 1910-இல் கொல்கத்தாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். வங்க எழுத்தாளர் ராஜசேகர் போஸ் இவரது அண்ணன். உளப்பகுப்பாய்வில் யாரிடமும் பயிற்சி பெறாத இவர், தம் நோயாளிகளிடம் கண்டவற்றைக் கொண்டே ஆய்வைத் தொடர்ந்தார். ஆழ்மனத்தில் ஆசைகள் அடக்கப்படுவது குறித்த ஆய்வுக்காக 1921-இல் கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அந்நூலைப் பிராய்டுக்கு அனுப்பியதில் தொடங்கிய கடிதத் தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது. எனினும் இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

பாரிஸுக்கு முன்பே: 1922-இல் கொல்கத்தா பார்சிபகான் தெருவில் உள்ள தமது இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பாரிஸில் இத்தகைய சங்கம் தோன்றியது 1926-இல்தான்.

எங்கே முரண்பட்டார்? ஒவ்வோர் ஆசைக்குள்ளும் அதற்கு எதிரான ஆசை ஒன்று மறைந்திருக்கிறது என்பது போஸின் கோட்பாடு. தந்தையால் ஆண்மை பறிக்கப்படும் என்ற ஆழ்மன அச்சம், ஐரோப்பியர்களிடம் காணப்படும் அளவுக்குத் தம் இந்திய நோயாளிகளிடம் வெளிப்படவில்லை என்றும் அவர் பிராய்டுக்கு எழுதினார். பிராய்டு அதை முழுமையாக ஏற்கவில்லை. ஆனால், கருத்து வேறுபாடு நட்பைக் குலைக்கவில்லை. பிராய்டின் 75-ஆவது பிறந்தநாளையொட்டி, 1931-இல் இந்தியச் சங்கம் அனுப்பிய தந்தத்தாலான விஷ்ணு சிலை அவரது மேசையில் இடம்பெற்றது.

தொடரும் கேள்வி: 1940-இல் கொல்கத்தாவில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையும், 1947-இல் 'சமீக்‌ஷா' ஆய்விதழும் சங்கத்தின் முயற்சியால் தொடங்கப்பட்டன. 1953-இல் போஸ் மறைந்தார். அதற்கு ஓராண்டு முன்புதான், பிரான்ஸில் மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபானன், ஐரோப்பிய அளவுகோலால் கறுப்பின மக்களின் மனத்தை அளக்க முடியுமா என்று தமது நூலில் கேட்டிருந்தார். அவருக்கு முன்பே, தம் நோயாளிகளின் சொற்களுக்குச் செவிசாய்த்து அதே ஐயத்தை எழுப்பியவர் போஸ். எந்தக் கோட்பாட்டையும் விட எதிரே அமர்ந்திருக்கும் மனிதரே முதன்மையானவர் என்பதே அவரது வாழ்க்கை விட்டுச்சென்ற பாடம்.