வண்ணப்பொடியில் நிலைத்த முகங்கள்: ஓவியர் ரொசால்பா கர்ரியேரா

ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' எனச் சுட்டுவது பழந்தமிழ் வழக்கு. காண்பார் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அப்பெயரின் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இப்பெயர்க்கு முற்றும் உரியவராய் வாழ்ந்தவர் இத்தாலி நாட்டு வெனிஸ் நகரத்துப் பெண்மணி ரொசால்பா கர்ரியேரா. எண்ணெய் வண்ணத்தை விடுத்து, தொட்டால் உதிரும் வண்ணக்கோலைக் கையில் எடுத்தார். மன்னர், மகளிர், வழிப்போக்கரான பிரபுக்கள், கலைஞர் எனப் பலருடைய முகங்களைத் தாளில் நிறுத்தினார். முடிவில் தம் கண்ணொளியை இழந்தார்.

புரவலனைப் பாடும் புலவன் மெய்யைப் பாடுகிறானா, பொருளுக்காகப் பாடுகிறானா என்னும் வினா பாடாண் பாடல்களைப் பயின்ற நமக்குப் புதிதன்று. பொருள் பெற்று முகம் வரையும் ஓவியர்க்கும் அவ்வினா உண்டு. ரொசால்பாவின் வாழ்வு அதற்கு ஒரு விடையாக அமைகிறது. கவிஞர்கள் கூடிய நம் வட்டத்தில் அவ்வாழ்வை நினைவுகூர்தல் பொருந்தும்.

பிறப்பும் கைத்தொழிலும்

ரொசால்பா 1673ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பிறந்தார். தந்தை அந்திரேயா அரசுப் பணியில் எழுத்தராக இருந்தவர். தாய் ஆல்பா ஃபொரெஸ்தி, லேஸ் எனப்படும் நுண்ணிய நூற்பின்னல் வேலையில் வல்லவர். மூன்று பெண்மக்களுள் ரொசால்பா மூத்தவர். ஜொவான்னா, ஆஞ்செலா இருவரும் இளையவர். பெருஞ்செல்வமோ ஓவியக் குடிப்பிறப்போ அக்குடும்பத்திற்கு இல்லை. தந்தையோ உடன்பிறந்தானோ ஓவியனாக இருந்தாலன்றிப் பெண்ணொருத்தி தூரிகை பிடித்தல் அரிதாக இருந்த காலம் அது. ரொசால்பாவிற்கு வாய்த்த முதற்பள்ளி தாயின் பின்னல் வேலையே எனலாம். நூலிழை ஒன்றின்மேல் ஒன்று படியும் நுட்பத்தை அங்கே கண்டறிந்த கண், பின்னாளில் தாளின்மேல் லேஸ் கழுத்தணிகளை வரைந்தபோது அந்நுட்பத்தை மறக்கவில்லை.

அவர் முதலில் பொருளீட்டியது மூக்குப்பொடிச் சிமிழ்களின் மூடியில் சிற்றோவியம் தீட்டியே ஆகும். அதுகாறும் சிற்றோவியங்களைப் பதப்படுத்திய தோலில் வரைதலே வழக்கம். ரொசால்பா மெல்லிய தந்தத் தகட்டினைக் கையாண்டார். தந்தத்தின் வெண்மை வண்ணத்தினூடே ஒளிர்ந்து தோலின் நிறத்திற்கு உயிர் தருவதை அவர் உணர்ந்திருந்தார். சிற்றோவியத்திற்குத் தந்தத்தைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் அவரை வைத்து எண்ணுவர். புறாவை ஏந்திய சிறுமி ஒருத்தியைத் தந்தத்தில் தீட்டி உரோம் நகரத்துத் தூய லூக்கா கலைக்கழகத்திற்கு அனுப்பினார். 1705ஆம் ஆண்டு அக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. சிமிழ் மூடியில் தொடங்கிய கை உரோமின் கழகத்தை எட்டியது.

வண்ணக்கோலின் இயல்பு

இக்காலத்தை ஒட்டியே அவர் பேஸ்டல் என்னும் வண்ணக்கோலின்பால் திரும்பினார். ஆங்கிலேய அரசுத் தூதரகத்தைச் சார்ந்த கிறிஸ்டியன் கோல் என்பார் அவரை ஊக்கி, உரோமிலிருந்து வண்ணக்கோல்களையும் அனுப்பியுதவினார். பேஸ்டல் அதற்கு முன்னும் இருந்ததே. எனினும் விரைந்து குறிப்பெடுக்கவும் முன்வரைவு தீட்டவுமே அது பெரிதும் பயன்பட்டது. அதனை முழுமையான உருவப்படத்திற்குரிய கருவியாக உயர்த்தி ஐரோப்பா முழுதும் பரப்பிய பெருமை ரொசால்பாவிற்கு உரியது.

வண்ணக்கோலின் இயல்பினை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். நிறப்பொடியைச் சுண்ணத்துடனோ வெண்களிமண்ணுடனோ குழைத்து, மிகக் குறைந்த அளவு பிசின் சேர்த்து, விரற்கடைப் பருமனில் உருட்டி உலர்த்துவர். பிசின் மிகுந்தால் கோல் இறுகித் தாளைக் கீறும். குறைந்தால் கையிலேயே பொடியாகும். எண்ணெய் வண்ணத்தைப் பலகையில் கலந்து வேண்டும் நிறத்தை ஆக்கிக்கொள்ளலாம். இங்கோ ஒவ்வொரு சாயலுக்கும் தனித்தனிக் கோல் வேண்டும். கன்னத்தின் சிவப்பு மட்டுமே பல கோல்களைக் கேட்கும்.

இவ்வருமைக்கு ஈடாகச் சில எளிமைகளும் உண்டு. வண்ணம் உலரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. எண்ணெய் நாற்றம் இல்லை. வரையப்படுவோர் பலமுறை வந்து அமர வேண்டுவதுமில்லை. பயணத்தினிடையே சில நாள் மட்டும் வெனிசில் தங்கிய செல்வர்க்கு இது பெரிதும் உகந்ததாயிற்று. எல்லாவற்றினும் மேலாக, எண்ணெயால் பொதியப்படாத பொடித்துகள்கள் தம்மேல் விழும் ஒளியைப் பல திசையிலும் சிதறச் செய்கின்றன. வெல்வெட்டுத் துணிபோன்ற மென்மை அதனாலேயே பிறக்கிறது.

ரொசால்பா பெரும்பாலும் நீலத்தாளில் வரைந்தார். மென்மையாகத் தேய்த்த அடிவண்ணத்தின்மேல் வெண்கோலைப் பக்கவாட்டில் இழுத்து லேஸின் கண்ணறைகளைத் தோற்றுவித்தார். அக்காலச் செல்வக்குடி மகளிரும் ஆடவரும் முகத்திற்கும் முடிக்கும் பொடி பூசி வாழ்ந்தனர். பொடியணிந்த முகத்தைப் பொடியாலேயே வரைந்த பொருத்தம் எண்ணி மகிழத்தக்கது.

இன்று நம் மாணாக்கர் கையாளும் எண்ணெய் வண்ணக்கோல் இதனினும் வேறானது, காலத்தால் பிந்தியது. நிறப்பொடியை எண்ணெயும் மெழுகும் சேர்த்துத் திரட்டிய அக்கோலை 1925இல் ஜப்பானிய சக்குரா நிறுவனம் ஆக்கி வெளியிட்டது. ஓவியர் பிக்காசோவின் பொருட்டுப் பிரான்சின் செனலியே நிறுவனம் 1949இல் கலைஞர்க்குரிய உயர்வகையினைச் செய்தது. அது தூசியாய் உதிர்வதில்லை. எனினும் கோலும் விரலும் கொண்டு நேரே முகத்தைப் படைக்கும் நெறியில் ரொசால்பாவே அதற்கும் மூத்தோர்.

பாரிசில் ஓராண்டு

பாரிசு நகரத்துப் பெருஞ்செல்வரும் ஓவியத் திரட்டாளருமான பியேர் க்ரோசா, வெனிசில் ரொசால்பாவின் படங்களைக் கண்டு வியந்து தம் நகருக்கு அழைத்தார். தந்தை 1719இல் இறந்தார். 1720 ஏப்பிரலில் ரொசால்பா தாயுடனும் தங்கையருடனும் பாரிசு சென்று க்ரோசாவின் மாளிகையில் தங்கினார். ஆஞ்செலாவின் கணவரான ஓவியர் பெல்லெக்ரீனியும் அங்கு வந்திருந்தார். ஜான் லா என்பார் நிறுவிய அரச வங்கியின் மேற்கூரையில் பெரும் ஓவியம் தீட்டும் பணி அவருக்குக் கிடைத்திருந்தது.

பாரிசு நாட்களை ரொசால்பா ஒரு நாட்குறிப்பில் பதிந்து வைத்தார். அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1793இல் அது நூலாக வெளிவந்தது. உணர்ச்சியை விரித்துரைக்கும் நூலன்று அது. யார் வந்தார், யார் படம் தொடங்கிற்று, யாது பெற்றார் என்பனவே சுருங்கிய தொடர்களில் உள்ளன. பத்து அகவைச் சிறுவனாயிருந்த பதினைந்தாம் லூயி மன்னனை வரையச் சென்ற நாளொன்றில், மன்னனின் துப்பாக்கி கீழே விழுந்ததையும் கிளி இறந்ததையும் நாய்க்குட்டி நோயுற்றதையும் அவர் குறித்துள்ளார். பேரரசின் தலைவனை வரைந்தவர் அவனுள் இருந்த சிறுவனின் துயரையும் கண்டிருக்கிறார் என்பதற்கு இக்குறிப்பே சான்று.

பிரெஞ்சு அரசக் கலைக்கழகம் இனிப் பெண்களைச் சேர்ப்பதில்லை என 1706இல் முடிவு செய்திருந்தது. அம்முடிவு நடைமுறையில் இருக்கவே, 1720 அக்டோபரில் ரொசால்பாவை உறுப்பினராக ஏற்றது. பெண்மைக்குச் சாத்தப்பட்ட கதவு ஒரு பெண்ணின் கலைக்காகத் திறந்தது. ஏனைய பெண்களுக்கெனக் கழகம் தன் விதியை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் மறத்தற்கில்லை.

1721இல் ஓவியர் வாத்தோவை அவர் வரைந்தார். காசநோயால் நலிந்திருந்த வாத்தோ அவ்வாண்டு சூலையில் முப்பத்தாறு அகவையில் மறைந்தார். புரவலர் முகங்களில் காணும் பொலிவை இப்படத்தில் காண முடியாது. தம்மையொத்த கலைஞர் ஒருவரின் முகத்தில் ரொசால்பா எதனையும் மறைக்க முயலவில்லை.

இதற்கிடையே ஜான் லாவின் வங்கி சரிந்தது. 1720 இறுதியில் அவர் நாட்டைவிட்டு ஓடினார். பெல்லெக்ரீனியின் மேற்கூரை ஓவியம் சில ஆண்டுகளில் அழிக்கப்பட்டது. கட்டடத்தோடு நிலைக்கும் என எண்ணிய பேரோவியம் அழிந்தது. மூச்சுக்காற்றுக்கும் அஞ்ச வேண்டிய வண்ணப்பொடி முகங்கள் முந்நூறு ஆண்டு கடந்தும் உள்ளன.

புரவலரும் புகழும்

1721 மார்ச்சில் பாரிசை நீங்கிய ரொசால்பா தம் நகர் மீண்டார். 1723இல் மோதெனா சென்று எஸ்தெ குடி இளவரசியரை வரைந்தார். 1730இல் வியன்னாவில் பேரரசர் ஆறாம் சார்லசின் அவையில் பணியாற்றினார். மற்றைய காலமெல்லாம் அவரைத் தேடியே புரவலர் வந்தனர். வெனிசின் பெருங்கால்வாய்க் கரையில் இருந்த அவருடைய இல்லம், இத்தாலியைக் காண வந்த ஆங்கிலேய இளைஞர் தவறாது ஏறிய வாயிலாயிற்று. பின்னாளில் எழுத்தாளராய்ப் பெயர்பெற்ற ஹொரேஸ் வால்போலும் அவர் கோலுக்கு முகம் காட்டியவரே.

புரவலருள் தலையாயவர் சாக்சனி நாட்டின் மூன்றாம் அகஸ்டஸ். இளவரசராக இருந்தபோதே வெனிசில் ரொசால்பாவிடம் தம் படத்தை வரைவித்துக்கொண்டவர்; பின்னர் அவருடைய ஓவியங்களை நூற்றைம்பதுக்கு மேல் திரட்டித் திரெஸ்டென் நகரில் அவற்றுக்கெனத் தனி அறையே அமைத்தார். உதிரும் பொடியோவியம் ஆல்ப்சு மலை கடந்து செல்லுதல் எளிதன்று. கண்ணாடியிட்டுச் சட்டத்தில் இறுக்கிய சில படங்களின் பின்புறத்தில், பயணிகளின் காவலராகக் கருதப்பட்ட மூன்று ஞானியரின் சிறு அச்சுப்படத்தை அவர் செருகி வைத்ததுண்டு. மகளை வழியனுப்பும் தாயின் அச்சம் அச்செயலில் புலப்படுகிறது.

இப்பெரும்புகழின் பயனாகத் தாயையும் தங்கை ஜொவான்னாவையும் அவரே காத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஜொவான்னா இல்லத்தில் உடனிருந்து ஓவியப் பணியிலும் துணைநின்றார்.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். ரொசால்பாவின் புரவலர் முகங்கள் பெரும்பாலும் ஒரே பொலிவுடையன: மலர்ந்த கன்னம், ஈரம் ததும்பும் கண், முதுமை தீண்டாத தோல். அவர் முகத்துதி செய்தார் எனக் கூறுவாரும் உளர். அதனை முற்றும் மறுப்பதற்கில்லை. புரவலர் தந்த பொன்னில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. எனினும் தீர்ப்பு வழங்குமுன் அவர் தம்மைத் தாமே வரைந்த படங்களைக் காணுதல் வேண்டும்.

தன்னை நோக்கிய கண்

புளோரன்ஸ் நகரத்து உஃபிசிக் கலைக்கூடத்தில் உள்ள படம் அவற்றுள் முதலாவது. ஒரு கையில் வண்ணக்கோல். மறுகையில் தங்கையின் உருவப்படம். ஒளிபெற்ற அழகு தங்கை முகத்திற்குத் தரப்பட்டிருக்கிறது; வரைபவர் முகமோ எளிய உழைப்பாளியின் முகம். தம் முகத்தைக் காட்ட வந்த படத்திலும் பிறர் முகத்தையே முன்னிறுத்தினார்.

ஐம்பத்தேழு அகவையை ஒட்டி வரைந்த படத்தில் தம்மைக் குளிர்காலமாகவே உருவகித்தார். வெண்மயிர்த் தோலாடையும் நரையும் ஒன்றோடொன்று இயைய, கண் மட்டும் கூர்மை குன்றாது நோக்குகிறது. எழுபதைக் கடந்து வரைந்த படங்களுள் ஒன்று இங்கிலாந்து அரசத் தொகுப்பில் உள்ளது. தளர்ந்த கன்னமும் இறுகிய உதடும் அங்கு மறைக்கப்படவில்லை.

1746ஐ ஒட்டியது வெனிஸ் கலைக்கூடத்தில் உள்ள படம். இலைமாலை சூடிய தலை, கலைந்த நரைமயிர், எங்கோ நிலைத்த பார்வை. அது துன்பியலின் உருவம் என்றும், தம் வாழ்வும் அவ்வாறே முடியும் என்றும் அவர் உரைத்ததாக அவரை அறிந்தோர் எழுதி வைத்துள்ளனர். பிறர் முகத்து வடுக்களைப் பொடியால் மூடிய கை, தன் முகத்தில் ஒரு சுருக்கத்தையும் மன்னிக்கவில்லை.

புகழ்ச்சி அறியாமையால் விளைந்ததன்று என்பதற்கு இப்படங்களே சான்று. மெய்யைக் காணும் ஆற்றல் அவரிடம் முழுமையாக இருந்தது. அதனைப் பிறர்மேல் ஏவாமல் தம்மேல் ஏவினார். பிறர்பால் இரக்கமும் தன்பால் கண்டிப்பும் கொள்ளுதல் கலைஞர்க்கு ஓர் அறம் என்றே கூறத் தோன்றுகிறது.

ஒளி மங்கிய நாட்கள்

1737இல் ஜொவான்னா இறந்தார். மறு ஆண்டே தாயும் மறைந்தார். ரொசால்பா துயரில் ஆழ்ந்து சில காலம் கோலைத் தொடவில்லை. பின்னர்க் கண்புரை அவரைப் பற்றிற்று. 1749இல் செய்த அறுவை மருத்துவத்தால் பார்வை சிறிது மீண்டது, அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1751 அளவில் முற்றும் இருண்டது. கணவரை இழந்து மீண்ட ஆஞ்செலா உடனிருக்க, எஞ்சிய ஆண்டுகளை இருளிலேயே கழித்தார். 1757 ஏப்பிரல் 15ஆம் நாள், எண்பத்து நான்காம் அகவையில் இயற்கை எய்தினார். நிறத்தைக் கலந்து ஆக்காமல் ஒவ்வொரு சாயலையும் தனித்தனிக் கோலாக அறிந்தவர் அவர். கோல்கள் பெட்டியில் இருந்தும் இன்னது சிவப்பு, இன்னது நீலம் என அறியவியலாத ஆறாண்டுகள் எத்தகையன என்பதை ஊகித்தல் இயலும், உரைத்தல் அரிது.

எஞ்சியவை

ரொசால்பாவின் பாரிசு வருகையை அடுத்துப் பிரான்சில் வண்ணக்கோல் ஓவியம் பெருகிற்று. லா தூர் முதலியோர் அத்துறையில் பெரும்புகழ் எய்தினர். பின்வந்த நூற்றாண்டில் அவருடைய பெயர் சற்றே மங்கியது. 2023இல், அவர் பிறந்து 350 ஆண்டு நிறைந்ததனை ஒட்டித் திரெஸ்டென் கலைக்கூடம் அவர்க்கெனச் சிறப்புக் கண்காட்சி நடத்தியது. அகஸ்டஸ் திரட்டியவற்றுள் எஞ்சியவை எழுபதுக்கு மேற்பட்டவை அங்கு உள்ளன.

அவரிடம் அமர்ந்த பிரபுக்களுள் பலரை இன்று அவர்தம் படத்தாலன்றி அறிவாரில்லை. புரவலர் பெயரைப் பாட்டே காத்த வரலாறு தமிழர்க்கு நன்கு தெரிந்ததே. அங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. கொடுத்தோர் மறைய, கொடுக்கப்பட்ட பொன் மறைய, தூசியாய்த் தாளில் படிந்த வண்ணம் நின்றது. பிறரைப் பாடும்போது கனிவையும், தன்னைப் பாடும்போது ஒளிவின்மையையும் கைக்கொள்ளும் கவிஞர் ஒவ்வொருவர்க்கும் வெனிஸ் நகரத்துக் கண்ணுள் வினைஞர் உறவினரே ஆவார்.