பிள்ளைகளிடம் நீதியை ஒப்படைத்த வைத்தியர்

போலந்து நாட்டின் வார்சோ நகரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஆசையாக வளர்த்த கனேரிப் பறவை இறந்துபோனது. அவன் அதை முற்றத்தில் புதைத்து, மேலே ஒரு சிலுவையை நட விரும்பினான். வீட்டுக் காவலாளியின் மகன் குறுக்கிட்டான். அது யூதப் பறவை, அதற்குச் சிலுவை கிடையாது, அவனும் யூதன்தான் என்று அறிவித்தான். தான் யார் என்பதை அச்சிறுவன் தெரிந்துகொண்டது இப்படித்தான். அறுபது வயதைத் தாண்டி, தன் வாழ்வின் கடைசி மாதங்களில் எழுதிய நாட்குறிப்பிலும் அவர் அந்தப் பறவையை மறக்கவில்லை.

அவருடைய இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட். யானுஷ் கோர்ச்சாக் என்ற புனைபெயராலேயே உலகம் அவரை அறியும். அவர் பிறந்தது 1878 இலா 1879 இலா என்பது உறுதியில்லை. தந்தை பிறப்பைப் பதியத் தாமதித்ததே அதற்குக் காரணம். சட்டத்தரணியாக இருந்த அத்தந்தை மனநோயால் பாதிக்கப்பட்டு 1896 இல் காலமானார். வசதியாக வாழ்ந்த குடும்பம் வறுமையில் விழுந்தது. பிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்த அந்த இளைஞர், மருத்துவம் கற்று 1905 இல் வைத்தியரானார்.

அக்காலத்தில் வார்சோவின் ஏழைப் பிள்ளைகளைக் கோடை காலத்தில் கிராமப்புற முகாம்களுக்கு அழைத்துச் செல்வார்கள். யூதப் பிள்ளைகளுக்கு ஒரு முகாம், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு வேறொரு முகாம். இரண்டிலும் பணியாற்றிய கோர்ச்சாக், 1910 இலும் 1911 இலும் அந்த இரு முகாம்களைப் பற்றியும் இரண்டு நூல்களை எழுதினார். அவற்றில் பெயர்கள் மட்டுமே வேறு. குறும்பும் சண்டையும் வீட்டு நினைவில் வரும் அழுகையும் ஒன்றுதான்.

1912 இல் வைத்தியசாலை வேலையை விட்டுவிட்டு, குரோக்மால்னா வீதியில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமொன்றின் பொறுப்பை ஏற்றார். ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணி இறுதிவரை அவருக்குத் துணை நின்று அந்த இல்லத்தை நடத்தினார். அங்கே சுமார் நூறு பிள்ளைகள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கென ஒரு பாராளுமன்றமும் பத்திரிகையும் நீதிமன்றமும் இருந்தன.

அந்த நீதிமன்றம் விளையாட்டுக்கு அமைக்கப்பட்டதன்று. அவ்வாரம் தம்மீது வழக்கு எதுவும் இல்லாத பிள்ளைகளுள் ஐவர் சீட்டுக் குலுக்கி நீதிபதிகளாகத் தெரிவு செய்யப்பட்டார்கள். கோர்ச்சாக் எழுதிய சட்டக்கோவையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை மன்னிப்பதற்கே உரியவை. தெரியாமல் செய்ததற்கு மன்னிப்பு, வருந்தினால் மன்னிப்பு, திருந்துவார் என்ற நம்பிக்கையிலும் மன்னிப்பு. ஆசிரியர்கள் மீதும் பிள்ளைகள் வழக்குத் தொடுக்கலாம். அரையாண்டுக்குள் ஐந்து தடவை கோர்ச்சாக் தன்மீது தானே வழக்குப் பதிந்தார். அவற்றுள் ஒன்று, ஒரு சிறுமி திருடினாள் என்று ஆதாரமின்றிச் சந்தேகித்ததற்காக.

ஒருவரை விசாரிக்காமல் தீர்ப்பிடுவதில்தான் வெறுப்பு தொடங்குகிறது. காவலாளியின் மகன் கனேரிக்கு வழங்கியதும் அத்தகைய தீர்ப்பே. மற்றவரின் பக்கத்தைக் கேட்ட பிறகே பேசும் பழக்கத்தை வாரந்தோறும் பிள்ளைகளுக்கு ஊட்டினால் அந்த நோய் வேர்விடாது என்று கோர்ச்சாக் நம்பினார்.

அவருடைய பணி ஒரு சமூகத்தோடு நின்றுவிடவில்லை. 1919 இல் மரியா ஃபால்ஸ்கா என்பவரோடு சேர்ந்து போலந்துத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக இன்னொரு இல்லத்தைத் தொடங்கினார். 1926 இல் ஒரு யூத நாளிதழின் வாராந்த இணைப்பாக, பிள்ளைகளே எழுதும் பத்திரிகையை ஆரம்பித்தார். 1930 இல் அதன் ஆசிரியப் பொறுப்பை இகோர் நேவெர்லி என்ற யூதரல்லாத இளைஞரிடம் கொடுத்தார்.

நாட்டில் யூத வெறுப்பு வளர்ந்துகொண்டே போனது. 1934 இல் அவர் வானொலியில் பேசத் தொடங்கியபோது, யூதரின் பெயர் ஒலிக்கக்கூடாதென்று முதிய வைத்தியர் என்றே அறிமுகப்படுத்தப்பட்டார். நாடே விரும்பிக் கேட்ட அந்நிகழ்ச்சி 1936 இல் நிறுத்தப்பட்டது.

1939 இல் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அநாதை இல்லமும் மதிலால் அடைக்கப்பட்ட யூதக் குடியிருப்புக்குள் தள்ளப்பட்டது. இடம்பெயர்ந்த நாளில் பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியை ஜேர்மனியர் பறித்துக்கொண்டார்கள். யூதர் கட்டாயம் அணிய வேண்டிய கைப்பட்டி இல்லாமலே கோர்ச்சாக் அதைக் கேட்கச் சென்றார். சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலையான பின், ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளின் பசிக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார்.

1942 ஜூலையில் அப்பிள்ளைகள் இரவீந்திரநாத் தாகூரின் அஞ்சல் நிலையம் என்ற நாடகத்தை மேடையேற்றினார்கள். வெளியே போக முடியாமல் அறையில் கிடக்கும் நோயாளிச் சிறுவனின் கதை அது. சில நாட்களிலேயே மக்களைக் கொலைமுகாமுக்கு ஏற்றும் நடவடிக்கை தொடங்கியது. முன்னரே நேவெர்லி போலி அடையாள அட்டையோடு வந்து தப்பிச் செல்ல அழைத்திருந்தார். பிள்ளைகளை விட்டுப் போக கோர்ச்சாக் இணங்கவில்லை. ஓகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்தில் அவரும் ஸ்டெஃபானியாவும் பிள்ளைகளோடு புகையிரதம் வரை நடந்தார்கள். ட்ரெப்லிங்கா முகாமிலிருந்து அவர்களில் எவரும் திரும்பவில்லை.

அப்படியானால் அவருடைய கல்வி தோற்றுவிட்டதா? அந்தக் கொலையை அதனால் தடுக்க முடியவில்லை என்பது உண்மை. பீரங்கிகளோடும் படைகளோடும் வந்த வெறுப்பை ஓர் இல்லம் எப்படித் தடுக்கும்? எனினும் அவரோடு உழைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபால்ஸ்கா தன் இல்லத்தில் யூதப் பிள்ளைகளை ஒளித்து வைத்தார். பிடிபட்டால் மரண தண்டனை என்று தெரிந்தே அதைச் செய்தார். கோர்ச்சாக்கின் நாட்குறிப்பு நேவெர்லியின் கைக்கு வந்தபோது அதே இல்லத்தின் சுவருக்குள் மறைத்துக் காக்கப்பட்டது. நேவெர்லி பின்னர் கைதாகி ஜேர்மனியரின் வதைமுகாம்களில் துன்புற்றார். இவ்விருவரும் யூதரல்லர். பிள்ளைகளுக்காக ஒரு யூதரோடு பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தவர்கள்.

பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று கோர்ச்சாக் எழுதியவையும் அழியவில்லை. 1978 இல் சிறுவர் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்தது அவருடைய போலந்துதான். 1989 இல் அது நிறைவேறியது. 1991 இல் இலங்கையும் அதனை ஏற்றது. எந்த மதம், எந்த இனம், எந்த மொழி என்று பாராமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று சொல்லும் அந்த உடன்படிக்கை நம்மையும் காக்கிறது. நமக்குப் பழக்கமில்லாத சமூகத்துப் பிள்ளையையும் அதே அளவு காக்கிறது. ஒருவரைப் பற்றி வகுப்பிலோ வீட்டிலோ இழிவான பேச்சு எழும்போது, அவருடைய பக்கத்தையும் கேட்போமா என்று நம்மில் ஒருத்தி கேட்டால் போதும். அந்த நீதிமன்றம் அங்கே மீண்டும் கூடும்.