மதிய உணவு வேளையில் நடந்த வகுப்பு

கே.எஸ். கிருஷ்ணன் என்றதும், ராமன் விளைவை அறிவித்த கட்டுரையில் ராமனுக்கு அடுத்து இடம்பெற்ற பெயர் என்பதே பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இருபது வயதைக் கடந்த இளைஞராகச் சென்னையில் அவர் செய்த ஒரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை.

1898-இல் வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பையும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மேற்படிப்பையும் முடித்தார். அறிவியலில் தமக்கு நாட்டம் பிறந்ததற்குத் தம் பள்ளி ஆசிரியரே காரணம் என்று பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். இயற்பியல் பட்டதாரியான அவருக்குக் கிடைத்ததோ, கிறிஸ்தவக் கல்லூரியின் வேதியியல் துறையில் செய்முறைப் பயிற்றுநர் வேலை. கல்லூரி அப்போது தாம்பரத்துக்கு இடம்பெயரவில்லை; நகரின் நடுவே இருந்தது.

அங்கே மதிய உணவு இடைவேளையில் அவர் ஓர் உரையாடலைத் தொடங்கினார். இயற்பியல், வேதியியல், கணிதம் எதில் வேண்டுமானாலும் மாணவர்கள் கேட்கலாம். செய்தி பரவியது, பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வரத் தொடங்கினர். வர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. உணவு வேளையை விட்டுக்கொடுத்து மாணவர் வருகிறார் என்றால், கேட்பதற்கு அவரிடம் ஏதோ இருந்திருக்கிறது. கேட்டால் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருந்திருக்கிறது.

தாராபுரத்திலிருந்து காலைப் பேருந்தில் கோவைக்குப் படிக்கச் செல்லும் இன்றைய இயற்பியல் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பாடவேளைகள், செய்முறைப் பதிவேடு, அகமதிப்பீட்டுத் தேர்வு, மாலையில் மீண்டும் பேருந்து. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுத அவருக்குத் தெரியும். அதில் கற்பனை எண் எதற்காக வந்தது என்று கேட்கத்தான் நேரமில்லை. ஆசிரியருக்கும் பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடி. இதற்கு மாற்றாகக் கலந்துரையாடல் என்று ஒரு பாடவேளையைச் சேர்த்து, வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் வைத்தால், அது இன்னொரு வகுப்பாகிவிடும். கிருஷ்ணனின் மதிய நேரம் உயிரோடு இருந்ததற்குக் காரணமே அது தேர்வுக்கு வெளியே இருந்ததுதான் என்று தோன்றுகிறது.

1920-இல் அவர் கொல்கத்தா சென்றார். அங்கே கேட்கும் இடத்தில் அவர் இருந்தார். தூய்மையாக்கிய 65 திரவங்களில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்று ஆராயும் பணியை ராமன் அவரிடம் ஒப்படைத்தார். ஒவ்வொன்றாகத் தூய்மையாக்கி, ஒளியைச் செலுத்தி, அளந்து குறிக்கும் வேலை அது. கேள்வி தனக்குரியதாக இல்லாவிட்டால் பத்தாவது திரவத்திலேயே யாருக்கும் சலித்துவிடும். ஒளிச்சிதறலில் பெற்ற அந்தப் பழக்கமே 1928-இல் ராமன் விளைவு வரை அவரை அழைத்துச் சென்றது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் அளிக்கப்பட்டது.

1928-இலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்புகளைத் தம் மாணவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். அங்கு உருவான நுட்பமான அளவீட்டு முறை, அவர் பெயரோடு அவருடைய மாணவர் பானர்ஜியின் பெயரையும் தாங்கி நிற்கிறது. பிறகு மீண்டும் கொல்கத்தா, அலகாபாத். 1947-இல் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பொறுப்பு. நிர்வாகக் கோப்புகளுக்கு நடுவிலும் ஆய்வை அவர் கைவிடவில்லை. 1961-இல் மறையும்போதும் அந்தப் பொறுப்பில்தான் இருந்தார்.