காந்தி என்ன சாப்பிட்டு நடந்தார்?

தைப்பூசம் நெருங்கினாலே நம்ம பேராக் பக்கம் ஒரு வாக்குவாதம் கிளம்பிவிடும். விரதமும் மெரெந்தாஸ் டேசா பயிற்சியும் ஒண்ணா வந்து நிற்கும். கோழி சாப்பிடாம எப்படி ஓடுவே என்று திடலில் கேட்பார்கள். காவடி எடுக்கப்போற பிள்ளைக்குக் கோழியா என்று வீட்டில் கேட்பார்கள். சைவத்துக்காகப் பேசுகிறவர்கள் கடைசியில் இழுக்கிற பெயர் காந்தி. சுங்கை சிப்புட்டில் அவர் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளியே இருக்கிறது. எங்கள் பாட்டியின் லயத்து வீட்டுச் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் அவர் படம்தான். ஆனால் அவருடைய சாப்பாட்டுக் கதையை முழுசாகத் தெரிந்தவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

1869ல் போர்பந்தரில், சுத்த சைவமான வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி வயதில் அவரை இறைச்சி சாப்பிட வைத்தது ஒரு விளையாட்டு வீரன் என்றால் நம்புவீர்களா? அண்ணனின் நண்பன் அவன். வெகுதூரம் ஓடுவான், வேகமாகவும் ஓடுவான், உயரமும் நீளமும் தாண்டுவான். மோகன்தாஸோ இருட்டுக்குப் பயப்படுகிற ஒல்லிப் பையன். இறைச்சி சாப்பிட்டால்தான் பலம், வெள்ளைக்காரன் நம்மை ஆள்வதும் அதனால்தான் என்று அந்த நண்பன் சொன்னதை நம்பிவிட்டார். ஆற்றங்கரையில் ஒளிந்து ஆட்டிறைச்சி தின்றார். அன்று இரவு வயிற்றுக்குள் ஆடு கத்துவதுபோல் கனவு. ஒரு வருடத்தில் ஐந்தாறு தடவை இப்படி நடந்தது. கடைசியில் விட்டதற்குக் காரணம் உடம்பு இல்லை. அம்மா அப்பாவிடம் பொய் சொல்ல முடியவில்லை.

1888ல் சட்டம் படிக்க லண்டன் போனார். புறப்படும் முன் இறைச்சி தொடமாட்டேன் என்று அம்மா முன்னால் சத்தியம். அங்கே ஓட்ஸ் கஞ்சியும் உப்புச்சப்பில்லாத காய்கறியும்தான் கிடைத்தன. பாதி நாள் பசி. சைவக் கடை தேடித் தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அங்கேயே ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவுப் புத்தகம் ஒன்றை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிப் படித்தார். அதுவரை அம்மாவுக்காக இருந்த சைவம் அன்றிலிருந்து அவருடைய சொந்த முடிவாகிவிட்டது.

இனி நடை. 1910ல் ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் டால்ஸ்டாய் பண்ணை ஆரம்பித்தார். அங்கே இருந்தவர்களில் தமிழர்கள் கணிசம். சொந்த வேலைக்கு நகரத்துக்குப் போகிறவர்கள் நடந்தே போகவேண்டும் என்பது சட்டம். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து, இரண்டரைக்குக் கிளம்பி ஆறேழு மணி நேரத்தில் போய்ச்சேருவார்கள். 1930ல் தண்டிக்கு உப்பு எடுக்க நடந்தபோது அவருக்கு வயது 60. 24 நாளில் ஏறக்குறைய 385 கிலோமீட்டர். சைவம் சாப்பிட்டால் தெம்பு வராது என்று சொல்கிறவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் நம் பக்கத்து ஆட்கள் இதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு நடுவில் நடந்தது.

பண்ணையில் இருந்தபோதே 1912ல் பாலையும் விட்டுவிட்டார். மாட்டைக் கறக்கிற கொடுமையைப் படித்த பிறகு, பசும்பாலும் எருமைப்பாலும் வேண்டாம் என்று சத்தியமே செய்தார். பல வருடம் பழமும் கொட்டைகளும்தான். 1918ல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்தபோது நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும் பிரதான உணவு. கடும் சீதபேதி வந்து படுத்துவிட்டார். சாகப்போகிறோம் என்றே நினைத்தார். உடம்பு தேறவே இல்லை. பால் குடிக்காமல் உடம்பைத் தேற்ற முடியாது என்று டாக்டர் தலால் கண்டிப்பாகச் சொன்னார். ஆட்டுப்பாலுக்குச் சத்தியம் இல்லையே என்று வழி காட்டியவர் கஸ்தூர்பா. குடித்தார், எழுந்தார். தண்டிக்கு நடந்தது ஆட்டுப்பால் குடித்த உடம்பு. சத்தியத்தின் வார்த்தையைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் கடைசிவரை அவருக்கு இருந்தது. பாலுக்குப் பதிலாக ஒரு செடி உணவு தெரிந்தால் சொல்லுங்கள் என்று சுயசரிதையில் வாசகர்களையே கேட்டுக்கொண்டார். 1929ல் மறுபடியும் சமைக்காத உணவு மட்டும் என்று சோதனை செய்தார். உடம்பு தளர்ந்ததும் அதையும் நிறுத்தினார். கொள்கைக்காக உயிரையே பணயம் வைத்தவர், உடம்பு சொன்னதைக் கேட்டுச் சாப்பாட்டை மாற்றவும் செய்தார்.

நம் பயிற்சிக்கு வரும் ஒரு தங்கை போன விரதத்தில் வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டு ஓடினாள். மூன்றாவது வாரம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். பார்த்தீங்களா, சைவத்தால் வந்த வினை என்றார்கள். அது சைவத்தால் இல்லை, பருப்பு இல்லாத தட்டால் என்பது என் கருத்து. தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 கிராமிலிருந்து 2 கிராம் வரை புரதம் வேணும். 50 கிலோ பிள்ளைக்குக் குறைந்தது 60 கிராம். ரசத்தில் அது எங்கே இருக்கு? நூறு கிராம் தெம்பேயில் கிட்டத்தட்ட 19 கிராம் இருக்கு. ஈப்போ சந்தையில் மலிவாகவே கிடைக்குது. பருப்பு, தயிர், கச்சான் எல்லாம் சேர்ந்தால் கணக்கு நிரம்பிவிடும். சாப்பாட்டோடு தே தாரேக் மட்டும் வேண்டாம், கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாது.

அரிசி விஷயத்தில் நம் தோட்டத்து முன்னோர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. நூறு வருடத்துக்கு முன் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பால் வெட்டிய நம்மவர்கள் புழுங்கலரிசி சாப்பிட்டதால் பெரும்பாலும் தப்பினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு ஊர் ஊர்ச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தபோது, கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் சாப்பாட்டில் எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியே பிரதானமான மெட்ராஸ் சாப்பாட்டில் சோப்ளாங்கியாக இருந்தன. 1930களில் காந்தி கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்தது சும்மா இல்லை.

1931ல் லண்டன் சைவ சங்கத்தில் பேசும்போது, ஆரோக்கியத்துக்காக மட்டும் சைவமாக இருப்பவர்கள் நிலைக்க மாட்டார்கள், அதற்கு அறம்தான் அடிப்படை என்று சொன்னார். பழைய ஹென்றி சால்ட் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். பிற்காலத்தில், பால் குடிக்கிறவன் குஞ்சு பொரிக்காத முட்டையைச் சாப்பிட்டால் தப்பில்லை என்றும் எழுதினார். நம் வீட்டுப் பெரியவர்கள் இதை ஏற்க மாட்டார்கள், தெரியும். விரதத்தில் நானும் ஏற்க மாட்டேன்.

77 வயதில் கலவரம் நடந்த நவகாளியில் ஊர் ஊராகச் செருப்பில்லாமல் நடந்தார். 1948 ஜனவரி 30ல் சுடப்பட்டார். அதே 1948ல்தான் விஞ்ஞானிகள் பி12 வைட்டமினைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றிலும் உண்டு; செடி கொடியில் கிடையாது. பாலும் வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்கு மிக முக்கியமான குறை இதுதான். இன்றைக்கு அதைக் கிருமிகளை வைத்தே தயாரிக்கிறார்கள், மிருகம் தேவையில்லை. காந்தி வாசகர்களிடம் கேட்டதில் ஒரு பாதியாவது ஈப்போவில் எந்த ஃபார்மசியிலும் மாத்திரையாகக் கிடைக்கிறது.