செவிச்செல்வர் இராமன்

சென்ற விடுமுறையில் நாமும் நண்பர் சிலரும் செஞ்சிக் கோட்டையைக் காணச் சென்றிருந்தோம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கும் மதிலின் பெருமையைப் பலர் எழுதியிருப்பதால் ஈண்டு அதனை விரித்துரைக்கப் புகவில்லை. இராஜகிரியின் அடிவாரத்தே நெற்களஞ்சியம் ஒன்றுளது. அதன் வளைந்த கூரையின்கீழ் நின்று நம்முள் ஒருவர் கைதட்டினார். ஓசை சுவர்களில் மோதி மீண்டும் மீண்டும் திரும்பி வந்து மெல்ல அடங்கிற்று. கல்லில் மோதிய காற்று நமது செவியில் எங்ஙனம் ஓசையாயிற்று என்று எம்மோடு வந்த இளைஞர் ஒருவர் வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடியபொழுது தமிழ்நாட்டிற் பிறந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கை எம் நினைவில் எழுந்தது.

அந்நினைவுக்குச் செஞ்சியே வழிகாட்டிற்று எனலாம். 1649ஆம் ஆண்டு வாக்கில் இக்கோட்டை நாயக்கர் கையினின்றும் பீஜப்பூர்ச் சுல்தானின் படைகள் வசமாயிற்று. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றும் வரை அவர்களது கொடியே இங்குப் பறந்தது. செஞ்சி வீழ்ந்த காலத்தில் பீஜப்பூரை ஆண்டவர் முகமது அடில் ஷா. அவருடைய கல்லறை மாளிகையாகிய கோல் கும்பஸின் குவிமாடத்தில், ஒரு சுவரருகே இரகசியம் பேசினால் எதிர்ச் சுவரருகே நிற்பவர் செவியில் அது தெளிவாய் விழும். அவ்வதிசயத்தை அறிவியல் முறையால் ஆராய்ந்தோருள் தலைசிறந்தவர் சர் சி. வி. இராமன். ஒளியைப் பற்றிய கண்டுபிடிப்பால் உலகப் புகழ் பெற்றவர் அவர் என்பதை யாவரும் அறிவர். அவர் தமது இளமையின் சிறந்த ஆண்டுகளை ஒலிக்கும் செவிக்கும் அளித்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

சந்திரசேகர வேங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். வயலின் வாசிப்பதிலும் பற்றுடையவர். அன்னையார் பார்வதி அம்மாள். தந்தையாருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைத்தமையால் குழந்தை அக்கடற்கரை நகரில் வளர்ந்தது. வீட்டில் ஒருபுறம் கணித நூல்களும் மறுபுறம் வயலினின் நாதமுமாக அப்பிள்ளை வளர்ந்தமை பின்னர் விளைந்தவற்றிற்கெல்லாம் வித்தாயிற்று.

பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறிய அச்சிறுவர், பின்னர்ச் சென்னை இராசதானிக் கல்லூரியிற் சேர்ந்தார். 1904இல் பி. ஏ. தேர்வில் முதன்மை பெற்றுப் பௌதிகத்திற்குரிய பொற்பதக்கத்தையும் அடைந்தார். மேற்படிப்பிற்கு இங்கிலாந்து செல்லக் கருதியபோது, அந்நாட்டுக் குளிரை இவ்வுடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். கல்லூரி நாட்களில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1863இல் வெளியிட்ட, இசை ஒலியும் செவியுணர்வும் பற்றிய பெருநூலின் மொழிபெயர்ப்பு அவர் கைக்கு வந்தது. தம் வாழ்க்கையை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாக அதனை அவர் பிற்காலத்திற் போற்றினார்.

அந்நூலின் சிறப்பை உணரவேண்டுமாயின் செவியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஒரு பொருள் அதிர்ந்தால் அதனைச் சூழ்ந்த காற்று நெருங்கியும் விலகியும் அலையாய்ப் பரவுகின்றது. புறச்செவியின் மடல் அவ்வலையைத் திரட்டி, ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயின் வழியே செலுத்துகின்றது. குழாயின் முடிவில் மெல்லிய தோல் ஒன்று மத்தளத்தின் முகம்போல் கட்டப்பட்டிருக்கின்றது; அதுவே செவிப்பறை. அதன் அசைவைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏந்திச் செல்கின்றன. அங்கவடியே நமது உடலிலுள்ள எலும்புகளில் மிகச் சிறியது. அகச்செவியில் உள்ளது நீர். காற்றின் மெல்லிய அசைவு நீரை எளிதில் அசைக்கமாட்டாது. ஆதலின் அகன்ற செவிப்பறை பெற்ற விசையை அதனினும் பன்மடங்கு சிறிய வாயிலிற் குவித்து, அழுத்தத்தை ஏறக்குறைய இருபது மடங்கு பெருக்கித் தருவதே இவ்வெலும்புகளின் தொழில்.

அவ்வாயிலுக்கு அப்பால் நத்தையின் ஓடுபோல் இரண்டேமுக்காற் சுற்றாய்ச் சுருண்ட அகச்செவி இருக்கின்றது. அதனுள் மூன்றரை சென்டிமீட்டர் அளவு நீண்டு கிடக்கும் ஒரு சவ்வின் மீது நுண்மயிர் கொண்ட பதினையாயிரம் உயிரணுக்கள் வரிசையாய் நிற்கின்றன. வீணைத் தந்திகள் தத்தம் சுரத்திற்கே அதிர்வதுபோல் இச்சவ்வின் ஒவ்வோரிடமும் ஒவ்வொரு சுரத்திற்கு அதிரும் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருதினார். சவ்வின் வழியே ஓர் அலை ஓடி, அந்தந்தச் சுரத்திற்குரிய இடத்தில் உச்சமடைகின்றது என்று ஹங்கேரி நாட்டிற் பிறந்த பெகெஸி பின்னர் நேரிற் கண்டு காட்டி 1961இல் நோபல் பரிசு பெற்றார். விளக்கம் மாறினும், கருத்தின் உயிர் நிலைத்தது. உச்சசுரங்களை வாயிலின் அருகேயும் தாழ்ந்த சுரங்களைச் சுருளின் நுனியிலும் நமது செவி பிரித்தறிகின்றது. உயிரணுக்களின் மயிர் சாயுங்கால் பிறக்கும் நுண்ணிய மின்னசைவே நரம்பின் வழி மூளைக்கு ஏறி ஓசையென உணரப்படுகின்றது.

இவ்வாறு ஓர் ஓசையைப் பல சுரங்களாகப் பகுத்தறியும் கருவி நம் ஒவ்வொருவர் தலையிலும் இருக்கின்றதென்பது இளைஞர் இராமனை ஆட்கொண்டது. ஆயினும் அக்காலத்தில் நமது நாட்டில் ஆராய்ச்சியால் வயிறு வளர்க்க வழியில்லை. 1907இல் எம். ஏ. பட்டம் பெற்று, வீணை பயின்ற லோகசுந்தரி அம்மையாரை மணந்து, நிதியிலாகாவில் உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா சென்றார். அங்கு ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது, டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணிற் பட்டது. அன்று முதல் விடியற்காலையும் மாலையும் சங்கத்தின் ஆய்வுக்கூடம். நடுப்பகல் சர்க்கார் கணக்கு. இவ்விரட்டை வாழ்க்கையை, இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்ட காலம் தவிர, பத்தாண்டுகள் நடத்தினார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவியை அளிக்க, ஊதியம் பெரிதும் குறையுமென்று அறிந்தும் உத்தியோகத்தைத் துறந்து அதனை ஏற்றார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் யாவை? தந்தையார் வாசித்த வயலின், மனைவியார் மீட்டிய வீணை, தம்பூரா, மிருதங்கம் ஆகியவையே. வில்லால் தேய்க்கப்படும் தந்தி எவ்வாறு அசைகின்றது என்பதைக் குறித்து 1918இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். தம்பூராவின் இடையறாத நாதத்தின் காரணத்தையும் ஆராய்ந்தார். எனினும் நமக்கு மிகவும் நெருங்கியது மிருதங்க ஆராய்ச்சியேயாம்.

ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கான மேற்சுரங்களும் உடன் பிறக்கும். அவையெல்லாம் ஒரே கால அளவில் இசைந்து சுழல்வதால் செவி அவற்றை ஒரே இனிய நாதமாகக் கொள்கின்றது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலிலோ மேற்சுரங்கள் 1.59, 2.14, 2.30 என்று முழுமையற்ற மடங்குகளாய்ச் சிதறும். அகச்செவியிற் பல இடங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாது கிளர்வதால், செவி அதனை இரைச்சல் என்று ஒதுக்குகின்றது. ஆதலின் தோற்கருவி தாளத்திற்கே உரியது, சுரத்திற்கு ஏலாது என்பது மேனாட்டுப் பௌதிக நூல்களின் முடிபு. மிருதங்கத்தைக் கேட்டு வளர்ந்த செவிக்கு அம்முடிபு பொருந்தவில்லை.

மிருதங்கத்தின் வலந்தலையில் கரிய கற்பொடியையும் சோற்றையும் பிசைந்து, படிப்படியாகத் தேய்த்து ஏற்றும் வட்டத்தைக் கரணை என்பர். அதுவே இதன் மர்மம் என்று இராமன் கண்டார். 1920இல் உடனுழைப்பாளர் ஒருவருடன் எழுதிய கட்டுரையிலும், 1934இல் எழுதிய விரிவான கட்டுரையிலும் அதனை நிறுவினார். தோலின்மேல் நுண்மணல் தூவி அடித்தால், அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கும். விரலை மெல்ல வைத்து ஓரத்தில் தட்டினால், விரல்பட்ட கோடு அசையாதிருக்க இருபுறமும் அதிரும். இங்ஙனம் ஆராய்ந்தபோது, தோலின் ஒன்பது வகை அசைவுகளும் கரணையின் எடையால் திருத்தம் பெற்று, ஒன்று முதல் ஐந்து மடங்கு வரையுள்ள ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுவது புலனாயிற்று. சிதறிய மேற்சுரங்களைத் தந்தியின் ஒழுங்கிற்குக் கொண்டுவருவது அச்சிறு கரிய வட்டமே.

இதனை முதலிற் கண்டவர் யார்? சமன்பாடு எழுதத் தெரியாத தோற்கருவித் தொழிலாளிகள். கரணையை ஒரு படலம் தேய்த்துத் தட்டிக் கேட்பர், மீண்டும் தேய்ப்பர், மீண்டும் கேட்பர். அவர்களுடைய அளவுகோல் செவியொன்றே. அவர்களில் மிகப் பலருடைய பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. மேடையில் மிருதங்கத்தைப் போற்றிய சமுதாயம், அதன் தோலைத் தொட்ட கைகளைத் தொலைவில் நிறுத்தியது. பௌதிக நூல்கள் இயலாது என்றதை அக்கைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகாட்டி வந்தன. பண்டை இந்தியரின் இசையறிவுக்கு இக்கருவிகள் சான்றாகும் என்று இராமன் உலகறிய எழுதினார். அச்சான்றில் அத்தொழிலாளிகளுக்குரிய பங்கை நாம் மறத்தல் தகாது.

1921இல் அவர் முதன்முறையாக இங்கிலாந்து சென்றபோது, இலண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் இரகசியம் பேசும் மாடத்தை ஆராய்ந்தார். வளைந்த சுவரை ஒட்டியே ஒலியலை ஊர்ந்து செல்வதால் வெட்டவெளியிற் பரவி இளைப்பதில்லை என்று ரெய்லி பிரபு முன்னரே காட்டியிருந்தார். சுவரினின்று சிறிது விலக, ஒலி ஏறியும் இறங்கியும் மாறுவதை இராமன் கண்டு அவ்விளக்கத்தைத் திருத்தினார். தாய்நாடு திரும்பிப் பீஜப்பூர்க் குவிமாடத்தையும் இவ்வாராய்ச்சிக்கு உட்படுத்தினார். மெல்லிய இரகசியம் நூறடிக்கு அப்பாலும் கேட்பதற்குச் சுவர் மட்டும் காரணமன்று. மிக நுண்ணிய ஓசைக்குச் செவிப்பறை அசையும் தொலைவு ஓர் அணுவின் குறுக்களவினும் குறைவு. அத்தகைய செவி இல்லையேல் கோல் கும்பஸ் வெறும் கல்லே.

அப்பயணத்திலே மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஒலியாராய்ச்சியினின்று ஒளியாராய்ச்சிக்கு அவர் திரும்பியதும், 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு வெளிப்பட்டதும், 1930இல் நோபல் பரிசு கிட்டியதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. 1933இல் பெங்களூர் சென்று, 1948இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவி, 1954இல் பாரத ரத்னா விருது பெற்று, 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். அவருக்குரிய பெருமையிற் பெரும்பகுதி ஒளிக்குச் சென்றதேனும், அதனைக் காணும் பயிற்சியைத் தந்தது ஒலியே என்பது எமது துணிபு. அலையின் இயல்பை அவர் முதலிற் கற்றது தந்தியிலும் தோலிலும் அன்றோ?

இவ்வரலாற்றை எண்ணியவண்ணம் நாம் இராஜகிரியின் உச்சிக்கு ஏறினோம். கீழே திருவண்ணாமலைச் சாலையில் ஓடிய பேருந்துகளின் ஊதொலி அவ்வளவு உயரத்தும் எட்டிற்று. வினா எழுப்பிய இளைஞரின் காதுகளில் ஒலிக்குமிழ்கள் மீண்டும் ஏறியிருந்தன. அவற்றினின்று கசிந்த இசை எமக்கும் கேட்டது. பதினையாயிரம் உயிரணுக்கள் என்றோமே, பேரோசையால் அவற்றுள் மடிந்தவை மனிதர்க்கு மறுபடியும் முளைப்பதில்லை. கோட்டை மதிலின் கல் பெயர்ந்தால் வேறு கல் வைக்கலாம்; இதற்கு மாற்றில்லை. இதனை அவரிடம் கூறினோம். அவர் குமிழ்களைக் கழற்றிப் பையில் இட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், கீழே எங்கோ ஒருவர் தச்சுவேலை செய்வது கேட்கின்றது என்றார். நாமும் உற்றுக் கேட்டோம். சுத்தியலின் ஓசை, காற்றின் ஊடே, மெல்லியதாய் வந்துகொண்டிருந்தது.